தேவசகாயத்திடம் என்ன கேட்கிறீர்கள்?

புனிதர்களுக்கு இரண்டு வேலை என்கிறது கத்தோலிக்கத் திருச்சபை. ஒன்று, வாழ்ந்து காட்டிய முன்மாதிரி. மற்றது, நமக்காகப் பரிந்து பேசுவது. முதல் வேலையை அவர்களிடமிருந்து எப்போது பிடுங்கினோம்? நவநாள் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். தொலைந்த பொருளுக்கு அந்தோணியார், கைவிட்டுப்போன காரியத்துக்கு யூதா ததேயு, கொள்ளைநோய்க்குச் செபஸ்தியார். மந்திரிசபைபோல் இலாகா பிரித்தாகிவிட்டது. மனு கொடுக்க வரிசையில் நிற்கிறோம்.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மெழுகுதிரி ஏற்றும் தாயை நான் கேலி செய்ய வரவில்லை. ஆஸ்பத்திரிக்கும் போனாயா அம்மா என்று மட்டும் கேட்பேன். என் சண்டை வேறு ஆட்களோடு.

தேவசகாயத்தையே எடுத்துக்கொள்வோம். 1712இல் நட்டாலத்தில் பிறந்தவர், மார்த்தாண்ட வர்மா அரசில் அதிகாரி. 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். எருமைமேல் ஏற்றி ஊரூராக அவமானப்படுத்தினார்கள். 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். கொலைக்கான காரணம்பற்றி வரலாற்றாசிரியர்கள் வாதாடட்டும். சாதி வேறுபாடு பாராமல் எல்லாரும் சமம் என்று அவர் வலியுறுத்தியதே மேல்சாதியாரின் வெறுப்பைக் கிளறியது என்கிறது வத்திக்கான். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டபோது அவர் பெயரில் 'பிள்ளை' இல்லை. அதுவும் தானாக உதிரவில்லை. சாதிப் பட்டம் எதற்கு என்று உயிரோடிருந்த மனிதர்கள் எழுதிக் கேட்டார்கள். அதன் பிறகே போனது.

அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில் 1872இல் ஒரு கோயில் கட்டினார்கள். பீடம் ஒன்று, அதை நோக்கி வரும் கூடங்கள் இரண்டு. ஒன்றில் வெள்ளாளர், மற்றதில் நாடார். நடுவே சுவர். ஒரே பூசை, ஒரே நற்கருணை, தனித்தனி வழி! 1910இல் அந்தச் சுவர் விழுந்தது. இடி விழுந்தா? இல்லை, ஆட்கள் இடித்தார்கள். இடித்தது தவறு என்று நீதிமன்றத்துக்குப் போனவர்களும் கத்தோலிக்கர்கள்தான். வழக்கில் தோற்றார்கள். அத்தனை புனிதர்களிடமும் வேண்டிக்கொண்டவர்களுக்கு ஒரு புனிதரின் வாழ்க்கைகூடவா உறைக்கவில்லை?

பழங்கதை என்று தள்ளாதீர்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் பிணத்தையும் மற்றவர் பிணத்தையும் பிரித்தது ஒரு சுவர். எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் சம உரிமை கேட்டதில் மூண்ட மோதல், 2008இல் துப்பாக்கிச் சூட்டிலும் இரண்டு சாவிலும் போய் முடிந்தது. இரு தரப்பும் ஒரே மாதாவைத்தான் கும்பிட்டது.

புனிதர் பட்டத்துக்குப் புதுமை வேண்டும் என்பது விதி. தாயின் வயிற்றில் துடிப்பு நின்ற கரு மீண்டும் துடித்தது என்பதே தேவசகாயத்துக்காக ஏற்கப்பட்ட புதுமை. மருத்துவ நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். சான்று கேட்பது நல்ல பழக்கம், அதை ஏன் பாதியில் நிறுத்த வேண்டும்? பிழைத்த கரு அவர் கணக்கு என்றால், அதே வேண்டுதலோடு இறந்துபோன கருக்கள் யார் கணக்கு? அவர் பெயரைச் சொல்லி எத்தனை கல்லறைச் சுவர்கள் இடிந்தன என்று எந்தக் குழு எண்ணியது?

"நாங்கள் புனிதரை வழிபடவில்லை. 'எனக்காகச் செபம் பண்ணு' என்று நண்பனிடம் கேட்கிறோமே, அதுபோலத்தான்" என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உயிருள்ள நண்பன் திருப்பிக் கேட்பான்: "இதில் நீ என்ன செய்தாய்?" சிலை கேட்காது. அந்தச் சௌகரியத்துக்காகத்தானே அவரைப் பீடத்தில் ஏற்றிவைத்திருக்கிறோம்?

உங்களுக்காக ஒருவர் மேலே பரிந்து பேச வேண்டும் என்கிறீர்கள். சரி, நீங்கள் யாருக்காகப் பேசினீர்கள்? தேர் எந்தத் தெருவோடு திரும்ப வேண்டும் என்று பங்குப்பேரவை முடிவெடுத்த அன்று உங்களுக்கும் அங்கே ஒரு நாற்காலி இருந்தது. திருவிழா வரியை யாரிடம் வாங்குவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். யாரிடம் வரி வாங்கவில்லையோ அவனுக்கு மண்டகப்படி கிடையாது, கொடியேற்றத்தில் மரியாதை கிடையாது. கேட்டால் "ஊர் வழக்கம்". அந்த வழக்கத்தைக் கடவுளும் போடவில்லை, புனிதரும் போடவில்லை. உங்கள் தாத்தாவும் அவர் கூட்டாளிகளும் போட்டது.

அடுத்த வரிக்கூட்டத்தில் எழுந்து, விடுபட்ட வீடுகளின் பட்டியலை வாசிக்கச் சொல்லுங்கள். ஏன் விட்டீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் காரணத்தை அப்படியே தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்கள், கையெழுத்தோடு.