அடைக்கலச் சொல்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் மாலை நம் நண்பர் ஒருவர் மிகுந்த மனக்கலக்கத்துடன் நம் இல்லத்திற்கு வந்தார். அவருடைய ஒரே மகன் அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தில் பொறியாளர். முந்தைய நாள் தொலைபேசியில் பேசியபோது அவர், "அலுவலகத்தின் வழியாக ஓர் ஆலோசகரை வாரந்தோறும் கண்டு பேசி வருகிறேன், கவலைப்படாதீர்கள் அப்பா" என்று மட்டும் கூறிவிட்டு வேறு பேச்சுக்கு மாறிவிட்டாராம். திருமணப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது. குடிப்பழக்கமோ, கடனோ, மனநோயோ என்று தந்தை உள்ளம் தவித்தது. அதே நிறுவனத்தின் பணியாளர் துறையில் நம் உறவினர் பெண் ஒருவர் வேலை பார்ப்பதை அறிந்திருந்த நண்பர், அவரிடம் கேட்டுச் சொல்லுமாறு நம்மை வேண்டினார். நாமும் தயங்காமல் கேட்டோம்.

"மாமா, அந்த ஆலோசகரிடம் யார் போகிறார்கள் என்பது எங்கள் துறைக்கே தெரியாது. தெரிந்திருந்தாலும் நான் சொல்ல மாட்டேன். என்னைத் தவறாக நினைக்காதீர்கள்" என்றார் அவர். அப்பொழுது நமக்குச் சற்று வருத்தமே ஏற்பட்டது. பெற்றவனுக்கும் மறைக்கும் ஒழுக்கம் என்ன ஒழுக்கம் என்று எண்ணினோம். ஆனால் அவ்விரவு சிந்திக்கச் சிந்திக்க, கேட்கத் தகாததைக் கேட்டவர் நாமே என்பது விளங்கிற்று. அச்சிந்தனையை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

ஊழியர் உதவித் திட்டம் என்பது அமெரிக்காவில் தோன்றிய ஏற்பாடு. 1940களில் சில பெரிய தொழில் நிறுவனங்கள், குடிப்பழக்கத்தால் கெட்டுப்போகும் தொழிலாளரை வேலையை விட்டு நீக்குவதைவிடத் திருத்திக் காப்பதே நலம் என்று கண்டு, அதற்கெனத் தனி முயற்சிகளைத் தொடங்கின. தாமே குடிப்பழக்கத்தினின்று மீண்டவரான ஹெரால்டு ஹியூஸ் என்னும் செனட்டரின் முயற்சியால் 1970இல் இது குறித்து ஒரு கூட்டாட்சிச் சட்டம் நிறைவேறியது. நாளடைவில் குடும்பப் பிணக்கு, கடன் சுமை, துக்கம், மனச்சோர்வு ஆகியவற்றிற்கும் ஆலோசனை வழங்குவதாக இத்திட்டம் விரிந்தது. செலவை நிறுவனம் ஏற்கும். ஆலோசகரோ பெரும்பாலும் வெளியார். ஆலோசனைக் குறிப்புகள் ஊழியரின் பணிப்பதிவேட்டில் சேர்வதில்லை. ஓராண்டில் எத்தனை பேர் வந்தனர், எவ்வகைக் குறைகளுடன் வந்தனர் என்னும் மொத்தக் கணக்கே நிறுவனத்திற்குத் தரப்படும், பெயர்கள் தரப்படுவதில்லை. மேலதிகாரியே ஓர் ஊழியரை அனுப்பிவைத்தாலும், அவருடைய எழுத்து மூலமான இசைவின்பேரில், ஒழுங்காக வருகிறாரா என்பது போன்ற அளவே தெரிவிக்கப்படும். அவர் மனம் திறந்து பேசியவை அந்த அறையைத் தாண்டுவதில்லை.

இவ்வளவு கட்டுப்பாடு ஏன்? வேலை போய்விடும், ஊர் நகைக்கும் என்னும் அச்சம் இருக்கும்வரை நோயுற்றவன் மருத்துவனிடம் வரமாட்டான். இதனை உணர்ந்தே, அரசின் உதவி பெற்றுக் குடி அல்லது போதைப் பழக்கத்திற்குச் சிகிச்சையளிக்கும், அல்லது சிகிச்சைக்கு அனுப்பும் திட்டங்களின் பதிவுகளுக்கு 1975இல் அந்நாட்டில் மிகக் கடுமையான விதிகள் வகுக்கப்பட்டன. 1987இலும் 2024இலும் திருத்தம் பெற்ற பின்னரும் அவற்றின் உயிர்நாடி மாறவில்லை. ஒருவர் சிகிச்சைக்கு வந்தார் என்பதையே பிறரிடம் ஒப்புக்கொள்ளலாகாது. அவருடைய இசைவு, உயிருக்கு உடனடி ஆபத்து, குழந்தைக்கு இழைக்கப்படும் கொடுமையைத் தெரிவித்தல், பாதுகாப்புகளுடன் கூடிய ஆராய்ச்சி அல்லது தணிக்கை, தக்க காரணம் ஆராய்ந்து நீதிமன்றம் இடும் ஆணை என, எண்ணிக் கூறத்தக்க சில வாயில்களே திறந்துள்ளன. ஆவணத்தைக் கொண்டுவருமாறு பணிக்கும் அழைப்பாணை மட்டும் போதாது. 1996இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், உளநல ஆலோசகரிடம் அந்தரங்கமாகக் கூறியவற்றைக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் சாட்சியமாக வெளியிடுமாறு வற்புறுத்தலாகாது என ஜாஃபி வழக்கில் தீர்ப்பளித்தது. 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அக்காப்பினை ஊழியர் உதவித் திட்ட ஆலோசகர்களுக்கும் விரித்தது.

இங்கே ஒரு ஐயம் எழலாம். அறிந்ததை மறைத்தல் வாய்மைக்கு மாறன்றோ? நம் ஆசாரியர்கள் இதற்கு ஐயமற விடை பகர்ந்துள்ளனர். தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமி, சத்திய அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறார். அவற்றுள் இரகோபியாக்கியானம் என்பது பிறர் மறைவில் நிகழ்ந்ததை வெளிப்படுத்துதல். சாகாரமந்திரபேதம் என்பது பிறருடைய குறிப்பாலும் சாயலாலும் உள்ளக் கருத்தை உய்த்துணர்ந்து அதனைப் பறைசாற்றுதல். நியாசாபகாரம் என்பது அடைக்கலமாக வைத்த பொருளைக் கவர்தல். பொய் பேசாதிருந்தும் ஒருவன் சத்திய விரதத்தினின்று வழுவக்கூடும் என்பதை இவை உணர்த்துகின்றன. இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் சமந்தபத்திரரோ, பிறருக்குக் கேடு விளைக்குமாயின் உண்மையையும் உரையாதிருத்தல் வேண்டும் என்றே சத்திய அணுவிரதத்தை வரையறுக்கிறார். துயருற்றவன் ஆலோசகரிடம் கூறும் சொல்லும் ஓர் அடைக்கலப் பொருளே. அதனை வைத்தவன் கேளாமல் எடுத்து மற்றொருவர் கையில் கொடுப்பதற்கு நமக்கு உரிமை இல்லை.

அப்படியாயின், காப்பதால் ஓர் உயிர் போகுமானால் என்ன செய்வது? 1969இல் கலிபோர்னியாவில் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஒரு மாணவர், ஒரு பெண்ணைக் கொல்லும் எண்ணம் தமக்கு இருப்பதைத் தம் உளவியலாளரிடம் வெளியிட்டார். உளவியலாளர் பல்கலைக்கழகக் காவலருக்குத் தெரிவித்தார். அவர்கள் அம்மாணவரைச் சிறிது நேரம் விசாரித்து விட்டுவிட்டனர். அப்பெண்ணையோ அவருடைய பெற்றோரையோ எவரும் எச்சரிக்கவில்லை, அவர் கொலையுண்டார். பெற்றோர் தொடுத்த தாராசாஃப் வழக்கில் அம்மாநில உச்ச நீதிமன்றம் 1976இல், ஆபத்துக்கு உள்ளாகக்கூடியவரைக் காக்கத் தக்க முயற்சி எடுத்தல் சிகிச்சையளிப்பவரின் கடமை என்று கூறிற்று. அகிம்சையை முதல் விரதமாகக் கொண்ட நமக்கு இதில் ஐயம் இருக்க இயலாது. ஏனைய விரதங்கள் அகிம்சை என்னும் பயிரைக் காக்கும் வேலிகள்; வேலியைக் காக்கப் பயிரை அழிய விடுவார் இல்லை.

ஆயினும், ஒரு வாயில் திறந்தது என்பதற்காக வீடு முழுவதையும் திறந்துவிடுதல் தகாது. எவருக்கு ஆபத்தோ அவருக்கும், எவர் தடுக்க வல்லவரோ அவருக்கும், தடுப்பதற்கு வேண்டிய அளவே கூறப்படுதல் வேண்டும். கொலை எண்ணத்தை வெளியிட நேர்ந்தபோது, அம்மனிதரின் இளமைக்காலத் துயரையும் குடும்பக் குறையையும் சேர்த்துக் கூறினால், அப்பகுதி வெறும் புறங்கூறலே.

இதனினும் கடினமான நிலை ஒன்று உண்டு. பேருந்து ஓட்டுநர் ஒருவர் குடிப்பழக்கத்திற்காக ஆலோசனை பெற வருகிறார் எனக் கொள்வோம். ஒருபுறம் அவருடைய வேலையும் மானமும். மறுபுறம் அவரை நம்பி ஏறும் பயணிகளின் உயிர். 1991இல் இயற்றப்பெற்ற சட்டத்தைத் தொடர்ந்து அமெரிக்கா இதற்கு ஒரு வழி கண்டது. குடி அல்லது போதைச் சோதனையில் தவறிய ஓட்டுநரை மதிப்பிட ஒரு தனி வல்லுநர் உள்ளார். அவருடைய அறிக்கை நிறுவனத்திற்கே செல்லும். தானாக உதவி நாடி வரும் ஊழியரைக் காணும் ஆலோசகரின் நிலை வேறு. இவ்விருவரையும் ஒருவர் என மயங்கினால் வஞ்சனைக்கு இடமாகும். ஆகவே, எதனைக் காப்பேன், எதனைக் கூற நேரும் என்பதைக் கேட்பவர் முதலிலேயே சொல்லிவிடுதல் வேண்டும். எல்லையைச் சொல்லாமல் மனத்தைத் திறக்கச் செய்து, பின்னர் சட்டத்தைக் காட்டுதல் வலைவிரித்தலை ஒக்கும். நம் இல்லங்களிலும் இந்நெறி பொருந்தும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்களித்துப் பிள்ளைகளிடம் செய்தி பெற்று, மறுநாளே சுற்றத்தாரிடம் கூறும் பெரியோர் நம்மிடையே இல்லை என்று சொல்ல முடியுமா?

சென்னையிலும் பெங்களூரிலும் இத்தகைய திட்டங்கள் உள்ள நிறுவனங்களில் நம் பிள்ளைகள் பணிபுரிகின்றனர். 2017இல் நிறைவேறி 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுவோரின் செய்திகள் காக்கப்படுவதை உரிமையாகவே ஏற்றுள்ளது. பிறரைத் தீங்கினின்று காத்தல், உயிராபத்து முதலிய சில நிலைகளையே விலக்காக வைத்துள்ளது. சட்டம் மருத்துவரைக் கட்டுப்படுத்தும். வரன் விசாரிக்கும் நம் நாவைக் கட்டுப்படுத்த விரதம் ஒன்றே உண்டு. ஆலோசகரிடம் சென்றான் என்னும் ஒரு செய்தியால் ஒரு திருமணம் தடைப்படுமானால், அடுத்து வரும் இளைஞர் எத்துணைத் துயரிலும் ஆலோசகரை நாடார். அந்தப் பாவத்தில் நமக்கும் பங்கு உண்டு. மணம் புரிவோர் ஒருவருக்கொருவர் அறிவிக்க வேண்டியவை உண்டெனில், அவற்றை அறிவிக்கும் கடமை உரியவருடையது; நம்முடையது அன்று.

உறவினர் பெண் கூறிய விடையை நண்பரிடம் அவ்வாறே தெரிவித்து, மகனிடம் ஒன்றும் வற்புறுத்திக் கேளாமல், "எப்பொழுது சொல்லத் தோன்றுகிறதோ அப்பொழுது சொல், நான் இருக்கிறேன்" என்று மட்டும் எழுதுமாறு கூறினோம். அவரும் எழுதினார். ஏழெட்டு மாதங்கள் கழித்து விடுமுறையில் வந்த மகன், ஓர் இரவு தாமாகவே தந்தையிடம் எல்லாவற்றையும் கூறினாராம். மறுநாள் நண்பர் அமைதி நிறைந்த முகத்துடன் நம்மைக் காண வந்தார். மகன் என்ன கூறினார் என்பதை அவர் நம்மிடம் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.