பழைய மாணவர் பட்ட கடன்

கல்லூரிக்குப் பட்ட கடனைத் தீர்க்க வேண்டுமென்று பழைய மாணவர் சங்கக் கூட்டங்களில் நாமும் முழங்கியிருக்கிறோம். ஆனால் அக்கடனை நமக்குத் தந்தவர் யார்? 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. அன்றைய அரசாங்க வருவாயில் தேயிலையின் பங்கு பெரிது. அத்தேயிலையைக் கொய்தவர்களின் பிள்ளைகள் படித்த தோட்டப் பள்ளிக்கூடங்களையோ அரசாங்கம் பெருமளவில் பொறுப்பேற்றது 1970களிலேதான். ஒரு தலைமுறையே கடந்துவிட்டது!

கல்லூரி மண்டபத்துக்கு வெளிநாட்டு நண்பர்கள் அனுப்பும் பணத்தை நாம் இகழவில்லை. படித்த இடத்தின்மேற் பாசம் இயல்பு. ஆயினும் வசதி படைத்த பழைய மாணவரைக் கொண்ட பள்ளிக்கே மேலும் வசதி சேருமாயின், நன்றியுணர்வே ஏற்றத்தாழ்வை வளர்க்கும் கருவியாகிவிடுகிறதல்லவா?

சென்ற கூட்டத்தில், நீச்சல் தடாக நிதியில் ஒரு பகுதியை மலையகப் பள்ளியொன்றின் விஞ்ஞானகூடத்துக்கு அளிக்கலாமென்றோம். கையுயர்த்தியோர் நால்வர்.