குறிப்பேடு வாங்கலாம், கல்வியை வாங்க முடியுமா?

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் நெடுங்காலமாக ஜவுளி வியாபாரம் செய்து வரும் அன்பர் ஒருவர், சில வாரங்களுக்கு முன் நம்மைச் சந்தித்தபோது ஒரு சந்தேகத்தை எழுப்பினார். அவருடைய மகள் எஸ்.பி.எம். தேர்வுக்குப் படித்து வருகிறாள். ஒன்பது பாடங்களுக்கும் அச்சிட்ட குறிப்புகளை அவர் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அவை போதாவென்று, பிரிக்பீல்ட்ஸில் உள்ள போட்டோஸ்டேட் கடையொன்றில் வேறு சில குறிப்பு நூல்களையும் முழுதாக நகலெடுத்துக் கட்டுக் கட்டாகச் சேர்த்து வைத்திருக்கிறார்.

ஒருநாள் இரவு கடையடைத்து வீடு திரும்பியவர், கணக்கியல் குறிப்பைக் கையில் வைத்திருந்த மகளிடம், "கடனுக்கு வாங்கிய சரக்கில் பத்துப் பீஸ் துணி பழுது என்று திருப்பி அனுப்புகிறோம். அதைக் கணக்கில் எங்கேம்மா எழுதுவது?" என்று கேட்டார். பற்று இன்னது, வரவு இன்னது என்று அதுவரை தடையின்றி ஒப்பித்துக்கொண்டிருந்த மகள் விழித்தாள். "நோட்ஸில் இப்படிக் கேட்கவில்லையே, அத்தா" என்றாளாம்.

"இப்படிப் படித்து இந்தப் பிள்ளை நல்ல மதிப்பெண் வாங்கினால், அது அவள் சம்பாதித்ததா, நான் காசு கொடுத்து வாங்கியதா?" என்று அன்பர் சிரித்துக்கொண்டே கேட்டார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. வியாபாரிகளாகிய நாம் ஒவ்வொருவரும் நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது. ஆகவே அதைச் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்போம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குறிப்பு எழுதுவதும் விற்பதும் இழிவான தொழில் அல்ல. திருக்குறளுக்குப் பரிமேலழகர் எழுதிய உரையும் ஒருவகையில் குறிப்புத்தான். மூலத்தை எட்ட முடியாதவனுக்குப் படிக்கட்டு அமைத்துக் கொடுப்பவரே உரையாசிரியர். நம் காலத்துக்கு அருகில் வந்தால், திருச்சியில் செயிண்ட் ஜோசப் கல்லூரியில் தமிழ் கற்பித்த ஐயன்பெருமாள் கோனார் எழுத, பழனியப்பா பிரதர்ஸ் வெளியிட்ட கோனார் உரையைத் தமிழ்நாட்டில் அறியாத மாணவர் இல்லை. 'கோனார் நோட்ஸ்' என்பது ஒரு நூலின் பெயர் என்ற நிலையைத் தாண்டி, துணைநூலுக்கே பொதுப்பெயராகிவிட்டது. ஆசிரியர் உழைத்தார், பதிப்பாளர் முதல் போட்டார், மாணவர் விலை கொடுத்தார். இதில் குற்றம் காண இடமில்லை. உழைப்புக்குக் கூலி நியாயமானதே.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. நாம் ஒருவருக்கு ஐந்து கிலோ அரிசி விற்றால், அரிசி நம் கையை விட்டு அவர் கைக்குப் போய்விடுகிறது. அன்றிரவே அவர் சமைத்து உண்ணலாம். பொருளும் அதன் பயனும் சேர்ந்தே கைமாறுகின்றன. குறிப்பு அப்படிப்பட்ட சரக்கா? காசு கொடுத்தவுடன் காகிதம் கைமாறுகிறது. அதிலுள்ள அறிவு கைமாறுவதில்லை. எழுதியவரிடமே அது இருக்கிறது. வாங்கியவர் தம் உழைப்பையும் செலுத்திய பிறகே அது அவரிடமும் வந்து சேரும். அதாவது, விலையில் பாதியை மட்டுமே கடையில் கொடுக்கிறோம். மறுபாதி பாக்கியாகவே நிற்கிறது. அந்தப் பாக்கியைப் பிள்ளைதான் தீர்க்க வேண்டும். தந்தையின் பணப்பெட்டியால் தீர்க்க முடியாது.

இதை விளக்க இமாம் கஸ்ஸாலி அவர்களின் வாழ்வில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் ஒரு சம்பவமே போதும். அறிஞர் ஸுப்கீ தம் நூலில் அதைப் பதிவு செய்திருக்கிறார். கி.பி. 1058-இல் பாரசீகத்துத் தூஸ் நகரில் பிறந்த இமாமவர்கள், இளமையில் ஜுர்ஜான் சென்று கல்வி கற்று, ஆசிரியர் சொன்னவற்றையெல்லாம் குறிப்பெழுதிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். வழியில் கொள்ளைக்காரர்கள் மறித்து அனைத்தையும் பறித்துக்கொண்டனர். இமாமவர்கள் விடாமல் பின்தொடர்ந்து, மற்றவை போகட்டும், அந்தக் குறிப்புகளை மட்டும் திருப்பித் தருமாறு தலைவனிடம் மன்றாடினார்கள். ஊர்விட்டு ஊர் சென்று தேடிய கல்வி அவற்றில்தான் இருக்கிறது என்றார்கள். தலைவன் நகைத்தான். நாங்கள் பையைப் பறித்தவுடன் நீ கல்வியில்லாதவனாகி விட்டாயே, பிறகு கற்றேன் என்று எப்படிச் சொல்கிறாய் என்னும் கருத்துப்படக் கேட்டுவிட்டு, குறிப்புகளைத் திருப்பிக் கொடுக்கச் செய்தான். அந்தச் சொல் இமாமவர்களின் உள்ளத்தில் தைத்தது. தூஸ் சேர்ந்ததும் மூன்றாண்டுகள் உழைத்து, குறிப்புகள் முழுவதையும் நெஞ்சில் பதித்துக்கொண்டார்கள்.

அந்த மாமேதை சுமந்து வந்தது அவரே கைப்பட எழுதிய குறிப்பு. அதற்கே இந்தக் கேள்வி எழுந்ததென்றால், பிறர் எழுதி, பிறர் அச்சிட்டு, நாம் வாங்கி அலமாரியில் அடுக்கிய குறிப்பின் கதியென்ன?

இக்கால ஆராய்ச்சியும் இதே திசையைத்தான் காட்டுகிறது. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக்கி ஆகிய இருவரும் 2006-இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். மாணவர்களிடம் சிறு பகுதிகளைப் படிக்கக் கொடுத்து, சிலவற்றை மீண்டும் ஒருமுறை படிக்கச் செய்தனர். சிலவற்றை, தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதச் செய்தனர். ஐந்து நிமிடங்கள் கழித்துக் கேட்டபோது மீண்டும் படித்ததே முந்தி நின்றது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, நினைவிலிருந்து எழுதிய பகுதிகளில் நூற்றுக்கு 56 பங்கு நின்றது. மீண்டும் படித்தவற்றில் 42 பங்குதான் நின்றது. குறிப்பைத் திரும்பத் திரும்பப் புரட்டுகிறவனுக்கு, தெரிந்துவிட்டது என்ற எண்ணம் விரைவில் வந்துவிடுகிறது. இருப்பைத் தொட்டு எண்ணிப் பார்க்காமல், புத்தகக் கணக்கை மட்டும் பார்த்துச் சரக்கு இருக்கிறதென்று நம்பும் கடைக்காரரின் நிலைதான் அது.

பாடத்துக்குப் பாடம் இந்தப் பாக்கியைத் தீர்க்கும் வழியும் மாறுகிறது. கணிதத்தில் பிறர் போட்ட கணக்கை நூறு முறை பார்த்தாலும் போதாது. தானே ஒன்றைப் போட்டுத் தவறியாக வேண்டும். வேதியியலில் சமன்பாட்டை எழுதினால் மட்டும் போதாது. இருபுறமும் அணுக்கள் ஏன் சமமாக நிற்க வேண்டுமென்று சொல்லத் தெரிய வேண்டும். தமிழ்க் கட்டுரையில், மனப்பாடம் செய்த முன்னுரை எந்தத் தலைப்புக்கும் முழுமையாகப் பொருந்துவதில்லை.

வரலாற்றை எடுத்துக்கொள்வோம். 2013 முதல் அதில் தேறாதவருக்கு எஸ்.பி.எம். சான்றிதழ் இல்லை. ஆகவே அதற்குத்தான் குறிப்புகள் மலிந்து கிடக்கின்றன. 1867, சிலாங்கூர்ப் போர், ராஜா மஹாடி, ராஜா அப்துல்லா என்று பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். அந்தச் சண்டை கிள்ளானில் வரி வசூலிக்கும் உரிமை பற்றிய தகராறில் மூண்டது. அந்த உரிமையில் சிங்கப்பூர் வர்த்தகர்களுக்கும் பங்கு இருந்தது. கிள்ளானில் கடை வைத்திருக்கும் தந்தை, துறைமுகம், வரி, வியாபாரம் இவை யாவை என்று பத்து நிமிடம் பேசினால், அந்தப் பிள்ளைக்கு அது நான்கு வரிக் குறிப்பாக நிற்காது. தன் ஊரின் கதையாகிவிடும்.

இனி விற்பவருக்கு உரிய நேர்மையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'வரப்போகும் கேள்விகள்' என்று தலைப்பிட்டு, தேர்வுக்கு முந்திய வாரம் விற்கப்படும் தாள்கள் உண்டு. அனுபவமுள்ள ஆசிரியர் ஊகித்துச் சொல்வது வேறு. கேள்வித்தாள் எங்கள் கையில் இருக்கிறதென்று குறிப்பால் உணர்த்தி விற்பது வேறு. அது பொய்யானால் வாங்கியவனுக்கு வஞ்சனை. மெய்யானால் நாட்டுக்கே வஞ்சனை. 2014 செப்டம்பரில் யு.பி.எஸ்.ஆர். தேர்வின் அறிவியல், ஆங்கிலத் தாள்கள் முன்கூட்டியே கசிந்தன. நாடெங்கும் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள், குற்றம் செய்யாதவர்கள் உட்பட, மீண்டும் தேர்வெழுத நேர்ந்தது. 2021-இல் அந்தத் தேர்வே நீக்கப்பட்டுவிட்டது. எனினும் கைபேசியில் அத்தகைய தாள் வந்து விழுந்தால் பிள்ளைக்குக் காட்டுவதா, அழிப்பதா என்ற சோதனை இன்றும் தந்தையர்க்கு உண்டு. எடைக்கல்லில் குறை வைக்காதவர் இங்கும் குறை வைக்கலாகாது.

வாங்குகிறவரின் நேர்மையும் உண்டு. பிள்ளைகள் தாமே எழுதிய குறிப்பைத் தோழருக்குக் கொடுப்பது நற்செயல். கொடுத்தவனுக்கு அதனால் குறைவதில்லை. ஆனால் ஒருவர் எழுதிப் பதிப்பித்த நூலை முழுதாக நகலெடுப்பது அத்தகையதன்று. இந்நாட்டின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நம் கடையில் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு விலை கொடாமல் போகிறவரை நாம் என்னவென்று அழைப்போம்? நம் அன்பரிடமும் இதை மறைக்காமல் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அது என் கணக்கில் வரும் பாக்கி" என்றார்.

கடைசியாக, நம்மைப் பற்றியே பேசிவிடுவோம். காலை கடை திறந்தால் இரவு பத்து மணிக்கு வீடு திரும்புகிறோம். பிள்ளையோடு உட்கார நேரமில்லை. அந்தக் குறையை நூறு ரிங்கிட் குறிப்பால் ஈடுகட்டுகிறோம். பணம் நம்மிடம் இருக்கிறது, நேரம் இல்லை. ஆகவே பணத்தைக் கொடுத்துக் கடமை தீர்ந்ததென்று எண்ணிக்கொள்கிறோம். நாமும் இதில் விலக்கல்ல. நம் வீட்டு அலமாரியிலும் பிரிக்கப்படாத குறிப்புகள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கும்போது நமக்கு வெட்கமாகவே இருக்கிறது.

ஆகவே அன்பரின் கேள்விக்கு நம் விடை இதுதான். வாங்கிய குறிப்பு முதல், மதிப்பெண் லாபம். முதல் தந்தையுடையதாக இருக்கலாம். உழைப்பு பிள்ளையுடையதானால் லாபமும் அவளுடையதே, அதில் மாசில்லை. உழைப்பில்லாமல் வந்த மதிப்பெண் கடன் வாங்கிய பணத்தைப் போன்றது. தேர்வு நாளில் அது கையில் இருப்பதாகத் தோன்றும். வாழ்க்கை கணக்குக் கேட்கும் நாளில் இருக்காது.

செய்யக்கூடியது எளிது. இரவில் கால் மணி நேரம் பிள்ளையின் எதிரே அமர்வோம். குறிப்பை மூடச் சொல்வோம். "இன்று படித்ததை எனக்குப் புரியும்படி சொல்" என்று கேட்போம். நமக்குப் பாடம் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. தெரியாதவருக்கு விளங்கச் சொல்வதே பிள்ளைக்கு நல்ல பயிற்சி. நம் கடைகளில் வேலை செய்வோரின் பிள்ளைகளையும் உடன் அமர்த்திக்கொள்வோம்.

அந்த ஜவுளிக்கடை அன்பர் இப்போது ஞாயிறுதோறும் மகளைக் கடைக்கு அழைத்து வந்து, திருப்பி அனுப்பும் சரக்குக்கு அவளையே கணக்கெழுதச் சொல்கிறார். முதல் வாரம் இரண்டு இடத்தில் தவறினாளாம். இரண்டாம் வாரம் அத்தாவின் கணக்கிலேயே ஒரு தவறு கண்டுபிடித்துவிட்டாளாம். இதைச் சொன்னபோதும் அவர் சிரித்தார். இம்முறை நாமும் சேர்ந்து சிரித்தோம்.