முடிச்சிட்ட கைகள்

அகமதாபாத்தின் ஷாஹிபாக் பகுதியில் சாராபாய் குடும்பத்தாரின் பழைய மாளிகை ஒன்றுண்டு. கௌதம் சாராபாயும் அவர்தம் சகோதரி கிராவும் 1949-ல் நிறுவிய காலிகோ துணி அருங்காட்சியகம், 1983-ல் அங்கே இடம் பெயர்ந்தது. பல நூற்றாண்டு கண்ட துணிகள் அங்குள்ளன. அவற்றைக் காத்தோரின் பெயர்களை நாம் அறிவோம். ஆக்கியோரின் பெயர்களையோ பெரும்பாலும் அறியோம். இது நீதியாகுமா?

இவ்வினா நம் திண்டுக்கல் சீமைக்கும் உரியதே. குஜராத்திலிருந்து தெற்கே வந்த சௌராஷ்டிர மக்களோடு வந்த சுங்குடிக் கலை, சின்னாளபட்டியிலும் வேரூன்றியது. துணியை விரல்நுனியால் கிள்ளி, நூலால் இறுகக் கட்டிச் சாயத்தில் தோய்ப்பர். முடிச்சை அவிழ்த்தால், சாயம் புகாத இடம் புள்ளியாய்ப் பூத்திருக்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள்! அவற்றை இட்டோர் பெரும்பாலும் வீட்டிலிருந்த பெண்களே. 2005-ல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குப் பெயர் வந்தது, அக்கைகளுக்கு வந்ததா?

பெயரைப் பொறித்துவிட்டால் மட்டும் நீதி நிறைவேறிவிடுமா? பெயரைச் சுவரில் எழுதிவிட்டுக் கூலியைக் குறைப்பதும் அநீதியே. உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். காட்சிக்கூடத்தில் வியந்து நின்றவர், கடைவீதியில் கைமுடிச்சுச் சேலையை அச்சுச் சேலையின் விலைக்குக் கேட்டுப் பேரம் பேசினால், அந்த வியப்புக்குப் பொருளென்ன?

அறியாத கைக்கு நாம் செலுத்தக்கூடிய முதல் மரியாதை, அதன் உழைப்புக்குரிய விலையை மனமுவந்து கொடுப்பதே.