பசிக்கிறது என்று சொல்வது யார்?

கோசல நாட்டு அரசன் பசேநதிக்குச் சோறு என்றால் உயிர். ஒரு வேளைக்குத் தோணம் என்னும் பெரிய அளவையால் ஓர் அளவு அரிசி உலையில் விழ வேண்டும். ஒருநாள் அப்படி உண்டுவிட்டு, மூச்சு வாங்க வாங்கச் சாவத்தி நகரில் புத்தர் முன்னால் வந்து உட்கார்ந்தான். புத்தர் கண்டிக்கவில்லை. அளவறிந்து உண்பவனுக்கு நோவு குறையும், முதுமை மெல்லத்தான் வரும் என்ற பொருளில் ஒரு பாட்டு மட்டும் சொன்னார்.

பாலி மொழிச் சங்யுத்த நிகாயத்தில் உள்ள இந்தக் கதையில், பாட்டை விட அரசன் அடுத்துச் செய்த காரியம்தான் சுவாரசியமானது. பின்னால் நின்றிருந்த சுதஸ்ஸன் என்ற இளைஞனைக் கூப்பிட்டு, அந்தப் பாட்டை மனப்பாடம் செய்துகொண்டு தனக்குச் சோறு பரிமாறும்போதெல்லாம் சொல்லச் சொன்னான். அதற்குத் தினமும் 100 கஹாபண நாணயம் கூலி. மெல்ல மெல்ல அரசன் ஒரு நாழிச் சோற்றுக்கு இறங்கி வந்தான். தம்மபத உரை இன்னும் நுணுக்கமாகப் போகிறது. அரசன் கடைசிக் கவளத்தை எடுக்கும் நேரத்தில் பாட்டு ஒலிக்க வேண்டும். அவன் கீழே வைத்துவிடும் கவளம் எவ்வளவோ, அந்த அளவுக்கு மறுநாள் உலையில் அரிசி குறைய வேண்டும்.

இன்றைய உணவு ஆலோசனைகள் வேறு வழி சொல்கின்றன: கையை நீட்டுவதற்கு முன்னால், இது வயிற்றின் பசியா, மனத்தின் பசியா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். நல்ல கேள்விதான். ஆனால் யாரிடம் கேட்கிறோம்? பஜ்ஜித் தட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஆளிடமே கேட்கிறோம். பசேநதி அந்த ஆளை நம்பவில்லை. சம்பளம் கொடுத்து மனச்சாட்சியை வெளியே வைத்துக்கொண்டான். அரசனுக்கு அது கட்டுப்படியாகும் என்பது வேறு விஷயம்.

சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முன்னால், இன்றைய அல்ஜீரியாவின் கடற்கரை ஊரான ஹிப்போவில் ஆயராக இருந்த அகுஸ்தீனும் இதே இடத்தில்தான் தடுமாறினார். உணவை மருந்துபோல உட்கொள்ளக் கடவுள் தமக்குக் கற்பித்ததாக, ‘ஒப்புதல்கள்’ நூலின் பத்தாம் பகுதியில் எழுதுகிறார். சிக்கல் எங்கே என்றால், பசியின் வேதனையிலிருந்து நிறைவுக்குப் போகும் வழியே இன்பமாக இருக்கிறது. வேறு வழியும் கிடையாது. உடல்நலத்துக்குப் போதுமானது ஆசைக்குப் போதுவதில்லை. கேட்பது உடலின் தேவையா, ஆசையின் தந்திரமா என்று பல நேரம் தெரிவதில்லை என்று ஒப்புக்கொள்கிறார். அதற்கு மேல் அவர் சொல்வதுதான் கூர்மை: அப்படித் தெரியாமல் இருப்பதில் மனத்துக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி. உடல்நலம் என்ற போர்வைக்குள் ஆசை ஒளிந்துகொள்ளலாம் அல்லவா? வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்து முறுக்கு டப்பாவைத் திறந்தவர், “மத்தியானம் சரியாவே சாப்பிடல” என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வதை அகுஸ்தீன் உடனே அடையாளம் கண்டிருப்பார்.

சரி, மனம் பொய் சொல்லும், உடலைக் கேட்டால்? அங்கும் வழக்கு தீரவில்லை. 1999இல் ஜப்பானில் மசயாசு கொஜிமா, கெஞ்சி கங்காவா குழுவினர் இரைப்பையில் சுரக்கும் கிரெலின் என்ற ஹார்மோனைக் கண்டறிந்தார்கள். சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது அது ரத்தத்தில் ஏறுகிறது, சாப்பிட்டதும் இறங்குகிறது. நாள் முழுக்கப் பட்டினி இருப்பவர்களுக்கும் வழக்கமான சாப்பாட்டு வேளைகளில் ஏறி, ஒரு பருக்கைகூட உள்ளே போகாமல் தானாகவே இறங்குவதும் பதிவாகியிருக்கிறது. ஏகாதசி விரதக்காரர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. பன்னிரண்டரைக்குக் குடலைப் பிடுங்கும். மூன்று மணிக்குக் கேட்டால் “பசி செத்துப்போச்சு” என்பார்கள். ஆகவே, ஒரு மணி அடித்ததும் வருவது வெறும் பழக்கப் பசி என்று ஒதுக்க முடியாது. பழக்கமே உடலுக்குள் இறங்கி, ரத்தப் பரிசோதனையில் அளக்கக்கூடியதாக ஆகிவிட்டது. நிஜப் பசி இந்தப் பக்கம், பொய்ப் பசி அந்தப் பக்கம் என்று கோடு கிழிப்பவர்கள் இதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

திருவள்ளுவர் இந்தக் கோட்டையே கிழிக்கவில்லை. ‘மருந்து’ அதிகாரத்தில் அவர் வற்புறுத்துவது, முன்பு உண்டது செரித்துவிட்டதா என்று தெரிந்துகொள்வதைத்தான். நன்றாகப் பசிக்க வேண்டும் என்பதும் அங்கே உண்டு, ஆனால் செரித்ததை அறிந்த பிறகு. இப்போது என்ன வேண்டும் என்பது ஆசையைத் தொடும் கேள்வி, அதற்கு மழுப்பலாம். கடைசியாக எப்போது, எவ்வளவு சாப்பிட்டோம் என்பது நடந்துமுடிந்த விஷயம். கல்யாண வீட்டில் ஒரு மணிக்குப் பந்தியில் உட்கார்ந்தவருக்கு நான்கு மணிக்கு வாய் நமநமவென்றால், அது எங்கிருந்து வருகிறது என்று அவருக்கே தெரிந்துவிடும்.

நினைவுக்கு இதில் எவ்வளவு பங்கு என்பதை 1998இல் பால் ரோசின் என்ற அமெரிக்க உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் காட்டினார்கள். மூளைப் பாதிப்பால் புதிதாக எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாத இருவருக்கு மதியச் சாப்பாடு கொடுத்தார்கள். முடித்துச் சில நிமிடங்கள் கழித்து இன்னொரு சாப்பாட்டை வைத்தபோது அதையும் உண்டார்கள். மூன்றாவதை வைத்தபோதும் பெரும்பாலும் சாப்பிடத் தொடங்கினார்கள். “போதும்” என்பதை வயிறு மட்டும் தனியாகச் சொல்வதில்லை.

இவ்வளவும் வேளைக்குச் சோறு கிடைப்பவர்களின் பிரச்சினை. 1944–45இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் நடத்திய பட்டினி ஆய்வு மறுபக்கத்தைக் காட்டுகிறது. போரால் பட்டினி கிடந்த ஐரோப்பியர்களை எப்படி மீட்பது என்று கண்டறிய, 36 இளைஞர்கள் தாமாகவே முன்வந்தார்கள். போரிட மறுத்தவர்கள் அவர்கள். பலர் மத நம்பிக்கையால் மறுத்தவர்கள். கொள்கைக்காகச் சிரமப்படத் தயங்காதவர்கள். ஆறு மாதம் பாதி வயிற்றுச் சாப்பாட்டில் எடையில் கால்பங்கு போயிற்று. கனவிலும் சாப்பாடு. சமையலில் அதுவரை நாட்டமில்லாதவர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். எப்போதும் சாப்பாட்டு நினைவாகவே இருப்பது மனப் பசியின் அடையாளம் என்ற இன்றைய அளவுகோலால் அளந்தால், அத்தனை பேரும் தேர்வில் தோற்றிருப்பார்கள். ஆனால் அது உடலின் பசி, சந்தேகமே இல்லை. மறுபடி உணவு கொடுக்கத் தொடங்கியபோது சிலர் வயிறு புடைக்கத் தின்றுவிட்டு இன்னும் பசிக்கிறது என்றார்கள். இழந்ததைக் கட்டியெழுப்ப ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 4,000 கலோரி தேவை என்ற முடிவுக்குக் கீஸ் வந்தார்.