கோட்டு மக்கிய வயல்

இங்கிலாந்தின் கென்ட் வயல்களில் மெட்டல் டிடெக்டரோடு நடப்பவர்களுக்கு நாணயத்தைவிடப் பொத்தான்தான் அதிகம் கிடைக்கும். வெள்ளிக்காசு கிடைக்கும் என்று போகிறவர்கள் பலர் சட்டைப்பை நிறையப் பொத்தான்களோடு திரும்புகிறார்கள். எனக்கு அந்தப் பொத்தான்கள் மேல்தான் கண். நான் திருப்பூரில் வளர்ந்தவள். துணி சம்பந்தப்பட்ட எது கண்ணில் பட்டாலும் கையில் எடுத்துத் தடவிப் பார்க்காமல் என்னால் நகர முடியாது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்கி, அறுவடை முடிந்த வயல்களில் தேடுகிறவர். அவரோடு ஒருநாள் போனேன். ஒரு காலத்தில் ஹாப்ஸ் கொடி விளைந்த நிலம் அது. பீருக்குக் கசப்பும் மணமும் கொடுக்கும் பூவைத் தருகிற கொடி. டிடெக்டரின் வட்டச் சுருளிலிருந்து காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்கும். அங்கே உலோகம் இருந்தால் அதில் சிறு மின்னோட்டம் எழும். அதன் எதிரொலியைக் கருவி சத்தமாக மாற்றித் தரும். சத்தம் கேட்ட இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்குள், சாம்பல் நிறத்தில் ஒரு வட்டத் தகடு கிடைத்தது. வெள்ளீயமும் காரீயமும் கலந்து வார்த்த பொத்தான். பின்பக்கத்து இரும்பு வளையம் துருவாகிக் கரைந்துவிட்டது. முகத்தில் 5 என்ற இலக்கம் தெரிந்தது. அடுத்த இலக்கம் முழுக்கத் தேய்ந்திருந்தது.

அந்த ஒரு இலக்கமே நிறையச் சொல்கிறது. பிரிட்டிஷ் காலாட்படைகள் தங்கள் படை எண்ணைப் பொத்தானில் பொறிக்கத் தொடங்கியது 1767 வாக்கில். அதிகாரிகளுக்கு வெள்ளி அல்லது தங்க முலாம் பூசிய பொத்தான். சாதாரணச் சிப்பாய்க்கு இந்த ஈயக் கலவை. 1855இல் சிப்பாய்களுக்கும் பித்தளை வந்துவிட்டது. ஆக, இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில் எப்போதோ, ஐம்பதுகளின் வரிசை எண் கொண்ட ஏதோ ஒரு படையில், ஒரு சிப்பாயின் சிவப்புக் கோட்டில் இது தைக்கப்பட்டிருந்தது. மஞ்சிட்டி இனத்து வேரில் சாயம் தோய்த்த கம்பளிக் கோட்டு. அதிகாரியின் கோட்டுக்குத்தான் விலை கூடிய பளிச்சென்ற சிவப்பு.

இதைக் கேட்டதும் மனம் உடனே ஒரு கதை கட்டிவிடும்: படை இந்த வழியாக அணிவகுத்துப் போயிருக்கும், ஒரு சிப்பாய் இந்த வரப்பில் உட்கார்ந்திருப்பான், பொத்தான் அறுந்து விழுந்திருக்கும். அழகான கதைதான். ஆனால் பெரியவர் சொன்ன விளக்கம் அதைவிட எனக்குப் பிடித்திருந்தது. இந்தச் சிப்பாய் இந்த வயலை வாழ்நாளில் பார்த்தே இருக்க வேண்டியதில்லை. வந்தது அவனுடைய கோட்டு மட்டுமாக இருக்கலாம், அதுவும் உரமாக.

கம்பளி என்பது ஆட்டு மயிர். மயிர் முழுக்கப் புரதம். புரதத்தில் தழைச்சத்து நிறைய. மண்ணில் புதைத்தால் மெதுவாக மக்கும், சத்தையும் மெதுவாகவே விடும். ஹாப்ஸோ பெருந்தீனிக் கொடி. அதனால் லண்டனில் சேர்ந்த கம்பளிக் கந்தல்களைக் கென்ட் விவசாயிகள் விலை கொடுத்து வாங்கி ஹாப்ஸ் தோட்டங்களில் உழுது புதைத்தார்கள். கந்தலோடு ஒட்டிக்கொண்டு பொத்தான்களும் வந்தன. கென்ட் மண்ணில் இத்தனை பொத்தான்கள் கிடைப்பதற்கு இது முக்கியமான காரணம்.

அந்தக் கோட்டு எத்தனை கை மாறியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். முதலில் சிப்பாய். கோட்டு பழசானதும் அதை வெட்டி அடுத்த ஆண்டுக்குக் கையில்லாத உள்கோட்டாகத் தைத்துக்கொள்வது அன்றைய படைகளில் இருந்த வழக்கம். பிறகு பழந்துணி வியாபாரி. லண்டன் கோட்டைக்குப் பக்கத்தில் ரோஸ்மேரி லேன் என்ற தெருவே கந்தல் சந்தையாக இருந்தது. அங்கிருந்து ஒரு கூலிக்காரன் வாங்கியிருப்பான். அவன் மனைவி முழங்கையில் ஒட்டுப் போட்டிருப்பாள். மகனுக்காக அளவு குறைத்துத் தைத்திருப்பாள். இனி உடுத்த முடியாது என்றான பிறகுதான் அது கந்தல் பொறுக்குபவரிடம் போகும். பருத்தியும் லினனும் காகித ஆலைக்குப் போகும். கம்பளியில் காகிதம் செய்ய முடியாது; ஆகவே நிலத்துக்கு. 1813இல் யார்க்‌ஷயரின் பேட்லி ஊரில் பெஞ்சமின் லா என்பவர் பழைய கம்பளியைக் கிழித்துப் புது நூலாக்கும் வழியைக் கண்டுபிடித்த பிறகு கந்தலுக்கு இன்னொரு வேலையும் கிடைத்தது. அதிலும் நூலாகாத கழிவு மறுபடி உரமாகவே போனது.

எங்கள் பாட்டி வீட்டில் தாத்தாவின் வேட்டி இதே வழியில்தான் போகும். வேட்டி நைந்தால் குழந்தைக்குத் தூளி. தூளி கிழிந்தால் அடுப்படியில் கரித்துணி. அதிலும் நல்ல ஓரமாகக் கிழித்துத் திரித்தால் விளக்குத் திரி. எரிந்து முடிந்தபின் அந்த வேட்டியில் மிச்சம் என்று ஒன்றும் இராது.

இதை இனிய பழங்காலம் என்று நான் பாடவரவில்லை. ஒரு கோட்டைப் பலர் உடுத்தியதற்குக் காரணம் ஞானம் அல்ல, வறுமை. கந்தல் பிரித்த பெண்கள் நாள் முழுக்கத் தூசியைத்தான் சுவாசித்தார்கள். பழந்துணியோடு அம்மையும் ஊருக்குள் வந்தது. அந்த வறுமை திரும்ப வரவேண்டும் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் வறுமையை விட்டு வெளியே வந்தபோது, ஒரு துணியின் கடைசி நாள் வரை அதற்குப் பொறுப்பேற்கும் பழக்கத்தையும் சேர்த்து நாம் ஏன் விட்டோம் என்பதே என் கேள்வி.

திருப்பூரில் அந்தப் பழக்கத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பனியன் கம்பெனிகளில் விழும் கட்டிங் வேஸ்ட்டை மூட்டை கட்டி, பெண்கள் தரையில் உட்கார்ந்து நிறம் நிறமாகப் பிரிப்பார்கள். அது ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பு மில்லுக்குப் போய் மறுபடி நூலாகும். துண்டாகிப்போனது மெக்கானிக் கடையில் கை துடைக்கும் துணியாகும். பருத்தி என்பதால் முடிகிற காரியம் இது. நூலோடு பாலியஸ்டரும் எலாஸ்டிக் இழையும் கலந்துவிட்டால் பிரிப்பது பெரும்பாடு. உலகத்தில் இன்று உற்பத்தியாகும் இழையில் பாதிக்கு மேல் பாலியஸ்டர். கச்சா எண்ணெயிலிருந்து வருவது. அதை எந்த ஹாப்ஸ் தோட்டத்திலும் புதைக்க முடியாது. சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் விற்காத துணிகள் மலையாகக் கொட்டிக் கிடக்கின்றன. மக்காத துணிகள் அவற்றில் ஏராளம். சிப்பாயின் கோட்டில் உலோகம் மட்டும் மிஞ்சியது. நம் சட்டையில் பெரும்பாலும் சட்டையே மிஞ்சும்.

சட்டத்தின் கண்ணில் அந்தப் பொத்தானுக்கு மதிப்பு கிடையாது. இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் முதன்மையாகத் தேடுவது தங்கமும் வெள்ளியும். பொதுமக்கள் கண்டெடுக்கும் தொல்பொருள்களைப் பதிவுசெய்ய 1997இல் தொடங்கிய திட்டமும் 1700க்கு முந்தியவற்றுக்கே முதலிடம் தருகிறது. பொத்தான் நிலத்துக்காரருக்குச் சொந்தம். கொண்டுபோய்க் காட்டினோம், ஒரு பார்வை பார்த்துவிட்டு எங்களையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

இதைப் படிக்கும் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த தீபாவளிக்குத் துணி எடுக்கும்போது நிறத்தையும் விலையையும் பார்த்த கையோடு, உள்மடிப்பில் தைத்திருக்கும் சின்னச் சீட்டையும் படியுங்கள். முழுப் பருத்தியா, முழுக் கம்பளியா, கலவையா என்று அதில் எழுதியிருக்கும். பொத்தான் அறுந்தால் சட்டையைத் தூக்கிப் போடாமல் தெருமுனைத் தையல்காரரிடம் கொடுங்கள். அவருக்கும் வேலை வேண்டும்.