கல்லில் இல்லாத பெயர்



சிரியாவின் தெற்கிலும் யோர்தானின் வடகிழக்கிலும் ஒரு வனாந்தரம் உண்டு. கண்ணுக்கெட்டிய தூரம் எரிமலை கக்கிய கறுப்புக் கற்கள்! ஏறக்குறைய 2000 வருஷத்துக்கு முன்னே அங்கே ஒட்டகமும் ஆடும் மேய்த்தவர்கள் அந்தக் கற்களில் கீறி எழுதினார்கள். சஃபாயிட்டிக் என்று அந்த எழுத்துக்குப் பெயர். 30,000க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் கிடைத்திருக்கின்றன.

ராஜாக்கள் எழுதினதல்ல, பாருங்கள்! 'இன்னார், இன்னார் மகன், இன்னார் பேரன்' என்று சாதாரண மேய்ப்பர்களின் பெயர்கள். ஒருவன் செத்துப்போன சொந்தக்காரனுக்காகத் துக்கப்படுகிறான். ஒருவன் ஒட்டகத்தை வரைகிறான். ஒருவன் அல்லாத் என்னும் தேவியிடம் பாதுகாப்புக் கேட்கிறான். சிலர் கடைசியில் சாபமும் வைத்தார்கள்: இதை அழிக்கிறவன் குருடாய்ப் போகட்டும் என்று!

இதை வாசித்தபோது ஆவியானவர் என் இருதயத்தில் குத்தினார். ஏன் தெரியுமா? சில வருஷங்களுக்கு முன் ஓர் ஊரில் ஜெபவீடு கட்டினோம். நானும் மண் சுமந்தேன். மனைவி வளர்த்த ரெண்டு ஆட்டை விற்றுக் கொடுத்தோம். பிரதிஷ்டை நாளில் கல்வெட்டைத் திறந்தார்கள். 14 பெயர்கள். என் பெயர் இல்லை! வாயில் ஸ்தோத்திரம் சொன்னேன்; உள்ளே வெந்துபோனேன். ரெண்டு வருஷம் அந்தக் கல்லைப் பார்க்காமல் பின்வாசல் வழியாய்ப் போனேன். மனசுல கசப்பை வைத்துக்கொண்டே திருவிருந்தும் எடுத்தேன். அந்த மேய்ப்பன் சாபத்தைக் கல்லில் கீறினான். நானோ என் நெஞ்சில் கீறி வைத்திருந்தேன்.

யோபும் தன் வார்த்தைகள் கன்மலையில் வெட்டப்படவேண்டும் என்று ஏங்கினான் (யோபு 19:23,24). ஆனால் அடுத்த வசனத்திலேயே அவன் கண் கல்லை விட்டு, உயிரோடிருக்கிற மீட்பரிடம் போய்விடுகிறது! சீஷர்கள் தங்கள் ஊழியத்தைச் சொல்லிச் சந்தோஷப்பட்டபோது, பரலோகத்தில் எழுதப்பட்ட பெயருக்காகச் சந்தோஷப்படச் சொன்னார் இயேசு (லூக்கா 10:20).

பிரியமானவர்களே, வனாந்தரத்து மேய்ப்பனுக்குச் சாபம் தேவைப்பட்டது. எவன் கையாவது அவன் பெயரை அழித்துவிடுமே! நம்மையோ கர்த்தர் தம் உள்ளங்கையில் வரைந்திருக்கிறார் (ஏசாயா 49:16). அதை அழிக்க யாரால் கூடும்? அல்லேலூயா!

அன்றைக்கே கல்வெட்டு வைத்த சகோதரனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கோ என் பெயர் விட்டுப்போனதே தெரியாது! ரெண்டு பேரும் அழுதோம், ஜெபித்தோம். அந்த ஞாயிறு முன்வாசல் வழியாய்ப் போனேன்.

உங்களுக்கும் இப்படி ஒரு கல் உண்டா? அடுத்த திருவிருந்துக்கு முன்னே போய் ஒப்புரவாகுங்கள். கர்த்தர் தாமே கிருபை தருவாராக. ஆமென்.